அளவுகோல் யார் கையில்?

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை விட்டுத் தெற்கே இறங்கும் லூசியானா நெடுஞ்சாலை 23, மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையோடு சுமார் 120 கிலோமீட்டர் ஓடி, வெனிஸ் என்ற சிற்றூரில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நாணலும் சேறும் தண்ணீரும்தான். போகும் வழியில் ஒரு பக்கம் ஆற்றங்கரை, மறுபக்கம் மெக்சிகோ வளைகுடாவின் வெள்ளத்தைத் தடுக்கும் கரை. இரண்டுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் ஆரஞ்சுத் தோப்புகளும், புயலுக்குப் பயந்து தூண்களின் மேல் தூக்கிக் கட்டிய வீடுகளும், எரிவாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றும் மாபெரும் ஆலையும் அடுத்தடுத்து வருகின்றன. இந்தக் கழிமுகத்துக்குத் தென்கிழக்கே, கரையிலிருந்து ஏறக்குறைய 66 கிலோமீட்டர் தொலைவில், 2010 ஏப்ரல் 20 இரவு டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். மேடை இரண்டே நாளில் மூழ்கியது. 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த, பிபி நிறுவனத்தின் மக்காண்டோ கிணறு 87 நாள் கடலுக்குள் எண்ணெயைக் கக்கியது. விபத்து ஏன் நடந்தது என்பதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்தச் சாலையில் பயணம் போகும்போது என் மனத்தை விட்டு அகலாமல் இருந்தது வேறொரு கேள்வி. எவ்வளவு கசிகிறது என்பதை யார் சொன்னார்கள், அதை ஊரும் நாடும் ஏன் நம்பின? அரசும் நிறுவனமும் செய்த தவறுகளுக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எண்ணெயைச் சிந்தியவரிடமே அளவுகோலையும் கொடுத்துவிட்டார்கள்.

இந்தக் கேள்விக்கான விடையைத் தேடுகிறவர், பயணத்தைக் கடற்கரையில் தொடங்குவதைவிட நகரத்தின் பாய்ட்ராஸ் தெருவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடங்குவது நல்லது. நீதிபதி கார்ல் பார்பியர் இந்தக் கசிவு தொடர்பான வழக்கை ஆண்டுக்கணக்கில் விசாரித்தது அங்கேதான். அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் அபராதத்தைப் பீப்பாய்க் கணக்கில் விதிக்கிறது. அப்போதைய விகிதப்படி, சாதாரணக் கசிவு என்றால் பீப்பாய்க்கு 1,100 டாலர் வரை. படுமோசமான அலட்சியம் என்று நிரூபணமானால் 4,300 டாலர் வரை. ஆகவே ஒவ்வொரு பீப்பாயும் பணம். நாளுக்கு 5,000 பீப்பாய் கசிந்தது என்று வைத்துக்கொண்டால், 87 நாளுக்குக் குறைந்த விகிதத்தில் அபராதம் சுமார் 48 கோடி டாலர். உலகின் பெரிய எண்ணெய் நிறுவனங்களில் ஒன்றுக்கு அது சுமையே இல்லை. நீதிமன்றத்தில் பிபி நிறுவனம் கடலில் கலந்தது 24.5 லட்சம் பீப்பாய் என்றது. அமெரிக்க அரசு ஏறக்குறைய 42 லட்சம் என்றது. உயர்ந்த விகிதத்தில் கணக்கிட்டால் இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே 700 கோடி டாலரைத் தாண்டும். கசிவைக் குறைத்துச் சொல்ல ஒரு நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. அந்த நிறுவனத்தில் இருப்பவர்கள் தீயவர்களாக இருந்தாக வேண்டும் என்றுகூட இல்லை. அளக்காமல் விட்டாலே ஆதாயம் என்ற நிலையைச் சட்டம் உண்டாக்கி வைத்திருந்தது.

நடந்ததைத் தேதிவாரியாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மேடை மூழ்கிய சில நாளில் நாளுக்கு 1,000 பீப்பாய் கசிகிறது என்று அறிவித்தார்கள். ஏப்ரல் 28 அன்று அரசின் கடல் வளி ஆய்வு நிறுவனமான நோவா அதை 5,000 ஆக உயர்த்தியது. அந்த எண் கிட்டத்தட்ட நான்கு வாரம் அசையவில்லை. கடலடியில் இயங்கிய ரோபோக்களின் கேமராக்கள் இரவும் பகலும் குழாயைப் படம்பிடித்துக்கொண்டுதான் இருந்தன. அந்தப் படங்கள் நிறுவனத்திடம் இருந்தன. மே 12 அன்று அரை நிமிடக் காட்சி ஒன்று வெளியே வந்தது. பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவ் வேர்லி அதைக் கணினியில் ஆராய்ந்து, நாளுக்கு 70,000 பீப்பாய் அளவில் இருக்கலாம் என்றார். கசிவை அளப்பது மீட்பு வேலைக்குத் தொடர்பில்லாதது என்பது அப்போது பிபியின் நிலைப்பாடு. அதன் தலைமை அதிகாரி டோனி ஹேவர்ட், பெருங்கடலின் மொத்த நீரளவோடு ஒப்பிட்டால் இந்தக் கசிவு மிகச் சிறியது என்று ஒரு பிரிட்டிஷ் நாளிதழிடம் சொன்னார். அரசு தனியாக ஓர் அளவீட்டுக் குழுவை அமைத்த பிறகுதான் எண்கள் நகரத் தொடங்கின. மே 27 அன்று 12,000 முதல் 19,000 வரை என்றார்கள். ஜூன் 10 அன்று 20,000 முதல் 40,000. ஜூன் 15 அன்று 35,000 முதல் 60,000. ஆகஸ்ட் தொடக்கத்தில், முதலில் நாளுக்கு 62,000 பீப்பாயாக இருந்தது, கடைசியில் 53,000 ஆகக் குறைந்தது என்று முடிவுக்கு வந்தார்கள். அறிவியல் இந்த மூன்று மாதத்தில் அறுபது மடங்கு முன்னேறிவிடவில்லை. அளக்கும் கை மாறியது, அவ்வளவே.

இதில் வாஷிங்டன் அரசாங்கத்தைத் தப்பவிடக் கூடாது. விபத்தைப் பற்றி விசாரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமாவே அமைத்த தேசிய ஆணையத்தின் ஊழியர்கள் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார்கள். மிக மோசமான நிலையில் எவ்வளவு கசியக்கூடும் என்ற கணிப்பைப் பொதுமக்களுக்கு வெளியிட நோவா அனுமதி கேட்டபோது, வெள்ளை மாளிகையின் வரவு செலவு அலுவலகம் மறுத்தது. ஆகஸ்ட் மாதம் கிணறு அடைபட்டதும், ஒபாமாவின் எரிசக்தி ஆலோசகர் கரோல் பிரவுனர் தொலைக்காட்சிகளில் தோன்றி, எண்ணெயில் பெரும்பகுதி போய்விட்டது என்றார். அவர் ஆதாரமாகக் காட்டிய அறிக்கையில் அப்படி எதுவும் இல்லை. தண்ணீரில் கரைந்ததையும் நுண்துளிகளாகச் சிதறியதையும் அந்த அறிக்கை தனித்தனியாகக் கணக்கிட்டிருந்தது. கரைந்தது கடலுக்குள்தான் இருக்கிறது. விபத்துக்கு மூன்று வாரம் முன்பு கடலில் துளையிடும் பகுதிகளை விரிவாக்கப்போவதாக அறிவித்திருந்த ஓர் ஆட்சி, பெரிய எண்ணைக் கேட்க அஞ்சியது. நிறுவனத்துக்கு அபராத பயம், ஆட்சிக்கு அரசியல் பயம். இரண்டு பயமும் சேர்ந்து ஒரே சிறிய எண்ணைப் பிடித்துக்கொண்டன.

‘வீடு பற்றி எரியும்போது எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்றா கணக்குப் போடுவது? முதலில் அடைப்பதுதானே அவசரம்?’ என்று இதை மறுப்பவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், அன்றைக்கு பிபி சொன்ன பதிலும் ஏறக்குறைய இதுவே. ஆனால் நடந்தது இதற்கு நேரெதிர். மே மாத இறுதியில், கனமான சேற்றுக் கலவையை அழுத்தத்தோடு கிணற்றுக்குள் செலுத்தி அடைக்கப் பார்த்தார்கள். ‘டாப் கில்’ என்று பெயர். மூன்று நாள் முயன்றும் தோற்றது. எதிர்த்து வரும் எண்ணெயின் வேகம் தெரியாமல் எவ்வளவு சேற்றை எந்த விசையில் செலுத்துவது என்று எப்படி முடிவெடுக்க முடியும்? ஜூன் முதல் வாரம் குழாயின் வாயில் ஒரு மூடியைப் பொருத்தி எண்ணெயை மேலே ஒரு கப்பலுக்கு இழுத்தார்கள். விரைவில் அந்த ஒரு கப்பல் மட்டும் நாளுக்கு 15,000 பீப்பாய் சேகரித்தது. மொத்தக் கசிவே 5,000 என்று சொல்லிவந்ததைப் போல மூன்று மடங்கைப் பிடித்த பின்னும், பக்கவாட்டில் எண்ணெய் பீறிட்டுக்கொண்டிருந்ததைக் கேமராவில் உலகமே பார்த்தது. அதற்கு மேல் பிடிக்கக் கப்பல்கள் தயாராக இல்லை, ஏனென்றால் எவ்வளவு வரும் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. கசிவின் அளவு தெரிந்திருந்தால்தான் அடைக்கும் வேலையையே ஒழுங்காகத் திட்டமிட்டிருக்க முடியும். ‘1,500 மீட்டர் ஆழத்தில் அளப்பது எப்படி?’ என்ற இன்னொரு மறுப்பும் நிற்காது. மே 31 அன்று வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தார் ஒலியலைக் கருவியை ரோபோவில் கட்டி அனுப்பி அளந்தார்கள். நாளுக்கு ஏறக்குறைய 59,000 பீப்பாய் என்று வந்தது. அந்தக் கருவி ஏப்ரலிலும் இருந்தது.

அளவு தெரியாத இடத்தில் கண்ணுக்குத் தெரிவதைச் செய்து காட்டும் ஆசை புகுந்துவிடுகிறது. நெடுஞ்சாலை 23 செல்லும் ப்ளாக்கமின்ஸ் மாவட்டத்தில் இதன் தடயங்கள் பல. பாயின்ட் அ லா ஆஷ் என்ற இடத்தில் ஆற்றைக் கடக்கும் படகுத்துறை இருக்கிறது. அக்கரையில் தலைமுறைகளாகச் சிப்பி எடுத்து வாழும் கறுப்பினக் குடும்பங்களின் ஊர். எண்ணெய் உள்ளே வராமல் தள்ளிவிடலாம் என்று மாநில அரசு ஆற்றின் மதகுகளைத் திறந்து நன்னீரைச் சதுப்புகளில் பாய்ச்சியது. உப்பு குறைந்த தண்ணீரில் சிப்பிகள் செத்தன. எண்ணெய் எட்டாத படுகைகள்கூட அந்த நன்னீரால் அழிந்தன. ஆளுநர் பாபி ஜிண்டால் கடலில் மணல்மேடுகள் எழுப்பியே தீர வேண்டும் என்று நின்றார்; பிபியின் பணத்தில் சுமார் 22 கோடி டாலர் செலவாயிற்று. அந்த மேடுகள் தடுத்தது மொத்தம் 1,000 பீப்பாய் அளவு என்று தேசிய ஆணையம் கண்டது. பிபியும் தன் பங்குக்கு, எண்ணெயை நுண்துளிகளாகச் சிதறடிக்கும் கோரெக்ஸிட் என்ற வேதிப்பொருளை 18.4 லட்சம் காலன் கொட்டியது. அதில் பெரும்பங்கு விமானத்திலிருந்து கடல்மேல் தெளிக்கப்பட்டது. மீதி கடலடியிலேயே செலுத்தப்பட்டது. குறைந்த நச்சுள்ள பொருளுக்கு மாறும்படி சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆணையிட்டும் பிபி மாறவில்லை. சிதறடிப்பதால் பறவைகளும் சதுப்பும் ஓரளவு தப்பின என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் மேற்பரப்பில் தெரியும் எண்ணெய் குறைந்தால், அதை வைத்துக் கணிக்கும் அளவும் குறைகிறது. இந்த வசதி யாருக்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தெற்கே இன்னும் போனால் ப்யூராஸ் பக்கத்தில் ஜாக்சன் கோட்டை. 2010 கோடையில் எண்ணெயில் ஊறிய கூழைக்கடாக்களைக் கொண்டுவந்து கழுவிய இடம் அது. அந்தப் படங்களை உலகப் பத்திரிகைகள் எல்லாம் வெளியிட்டன. பறவைகளை எண்ணினார்கள், எண்ண வேண்டியதும்தான். மேற்கே பரட்டேரியா விரிகுடாவில் டால்பின்களைப் பிடித்துச் சோதித்தார்கள். நுரையீரல் நோய் கண்டது. கருவுற்றவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் உயிரோடு ஈன்றது. ஆனால் தூய்மைப் பணியில் உச்ச காலத்தில் இறங்கிய 47,000 பேரில், எவர் எவ்வளவு நச்சைச் சுவாசித்தார், எவர் இரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பதை உடனுக்குடன் அளந்து வைக்கவில்லை. மீன்பிடிக்கத் தடை வந்து பிழைப்பு போனதால், தங்கள் படகுகளையே பிபிக்கு வாடகைக்கு விட்டு எண்ணெய் அள்ளப் போன மீனவர்கள் இதில் ஏராளம். பிற்பாடு நோய்வாய்ப்பட்டு வழக்குப் போட்டவர்களிடம், எந்தப் பொருள் எந்த அளவில் உங்களைத் தாக்கியது என்று நிரூபியுங்கள் என்றது நீதிமன்றம். எடுக்காத அளவை எங்கே போய்க் காட்டுவது? ஆயிரக்கணக்கான வழக்குகள் பெரும்பாலும் தள்ளுபடியாயின. மருத்துவச் சமரசத் திட்டத்தில் பணம் பெற்றவர்களிலும் பெரும்பாலோருக்குக் கிடைத்தது 1,300 டாலருக்கு மேல் இல்லை. டால்பினுக்குக் கிடைத்த சோதனை மனிதருக்குக் கிடைக்கவில்லை என்பதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

‘பிபி கொடுத்த பணத்தைப் பாருங்கள், இதற்கு மேல் என்ன தண்டனை?’ என்பார்கள். கொடுத்தது கொஞ்சமல்ல. மொத்தச் செலவு 6,500 கோடி டாலருக்கு மேல் என்று அந்த நிறுவனமே கணக்குக் காட்டுகிறது. 2010 ஜூனில் ஒபாமாவின் நெருக்குதலால் 2,000 கோடி டாலர் இழப்பீட்டு நிதியை ஒதுக்க ஒப்புக்கொண்டது. அதை மிரட்டிப் பறித்த பணம் என்று சொல்லி, டெக்சாஸ் காங்கிரஸ் உறுப்பினர் ஜோ பார்ட்டன் நாடாளுமன்ற விசாரணையில் ஹேவர்டிடம் மன்னிப்புக் கேட்டார். சொந்தக் கட்சியே கண்டித்த பிறகு பின்வாங்கினார். பிபி படுமோசமான அலட்சியம் காட்டியது என்று 2014 செப்டம்பரில் பார்பியர் தீர்ப்பளித்தார். 2016இல் உறுதியான 2,080 கோடி டாலர் சமரசத்தில் தூய நீர்ச் சட்ட அபராதம் 550 கோடி. நீதிபதி கண்டறிந்த கசிவின்படி சட்டம் அனுமதித்த உச்சவரம்பு ஏறக்குறைய 1,370 கோடி. சமரசத்தின் மீதித் தொகையில் பெரும்பகுதியை நிறுவனம் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் இடம் இருந்தது. இதைவிட முக்கியமாக நான் கருதுவது 2012இல் பிபி குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆவணம். 11 பேரின் சாவுக்கான குற்றங்களோடு, கசிவின் அளவைப் பற்றி நாடாளுமன்றத்துக்குப் பொய்த்தகவல் கொடுத்து விசாரணைக்குத் தடையாக இருந்த குற்றத்தையும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதே அளவைக் குறைத்துச் சொல்லி முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காகப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 52.5 கோடி டாலர் கட்டியது. ஆனால் அந்தத் தகவலைக் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட அதிகாரி 2015இல் வழக்கிலிருந்து விடுபட்டார். இந்தப் பேரழிவுக்காக ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை.

நேர்மையாகப் பேசினால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வழக்கு என்று வந்த பிறகு பெரிய எண்ணால் ஆதாயம் அடையப்போவது அரசாங்கம். அதன் 42 லட்சத்தையும் நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பார்பியரும் ஏற்கவில்லை, துல்லியமாக அறிய வழியில்லை என்று சொல்லி, கடலில் கலந்தது 31.9 லட்சம் பீப்பாய் என்று இடையே ஓரிடத்தில் நிறுத்தினார். என் வாதத்தை இது பலவீனப்படுத்தவில்லை, வலுவாக்குகிறது. ஆதாயம் உள்ள இரு தரப்பில் எவரும் அளக்கக் கூடாது. கிணறு தோண்ட உரிமம் கொடுக்கும்போதே, கசிந்தால் அளக்கப்போகும் சுதந்திரமான குழு எது, அதன் கருவிகள் எந்தத் துறைமுகத்தில் இருக்கும், கேமராக் காட்சிகள் எத்தனை மணி நேரத்தில் அதன் கைக்கு வரும் என்றெல்லாம் எழுதி வாங்க வேண்டும். மக்காண்டோவின் உரிமத்துக்காகக் கொடுத்த காகிதங்களின் லட்சணம் வேறு. இந்தக் கிணற்றிலிருந்து மோசமான நிலையில் நாளுக்கு 1,62,000 பீப்பாய் கசியலாம், அதைச் சமாளிக்க எங்களால் முடியும் என்று பிபி எழுதிக் கொடுத்திருந்தது. வளைகுடாவுக்கான அதன் அவசரத் திட்டத்தில் அந்தக் கடலில் இல்லவே இல்லாத வால்ரஸ்களைக் காப்பாற்றும் யோசனையும், நான்காண்டுகளுக்கு முன்பே இறந்துபோன ஒரு நிபுணரின் பெயரும் இருந்தன. மற்றப் பெரிய நிறுவனங்களின் திட்டங்களும் ஏறக்குறைய அதே நகல்தான். அரசு அதிகாரிகள் அதற்கு முத்திரை குத்தினார்கள்.

ப்ளாக்கமின்ஸ் மக்கள் ஏன் கொதித்தெழவில்லை என்று தொலைவிலிருந்து கேட்பது எளிது. இங்கே ஒரே குடும்பத்தில் அண்ணன் இறால் படகில், தம்பி எண்ணெய் மேடையில். ஆழ்கடல் துளையிடலை ஒபாமா ஆறு மாதம் நிறுத்திவைத்தபோது மாநில அரசியல்வாதிகள் கட்சி பேதமின்றி எதிர்த்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் நீதிபதி ஒருவர் ஜூனில் அதை ரத்தும் செய்தார். கூலிக்கும் கடலுக்கும் இடையே ஊரைப் பிரித்து நிற்கவைத்தது இந்தத் தொழிலின் கெட்டிக்காரத்தனம். இழப்பீட்டுப் பணம் வந்த பிறகும் அந்தப் பிளவு ஆறவில்லை. அயர்ன்டன் அருகே இதே சாலையை ஒட்டி, ஆற்று வண்டலைப் பரட்டேரியாவுக்குத் திருப்பி, கரைந்துகொண்டிருக்கும் நிலத்தை மீட்கும் திட்டம் 2023இல் தொடங்கியது. ஏறக்குறைய 300 கோடி டாலர். பெரும்பகுதி இந்தக் கசிவின் சமரசப் பணம். நன்னீர் வந்தால் சிப்பியும் இறாலும் போகும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். 2010இன் மதகுகளை அவர்கள் மறக்கவில்லை. ஐம்பது கோடி டாலருக்கு மேல் செலவான பின், 2025 ஜூலையில் மாநில அரசே அதைக் கைவிட்டது.

சாலை முடியும் வெனிஸுக்கு 2010 மே 2 அன்று ஒபாமா வந்து உறுதிமொழிகள் தந்தார். நான்கு வாரம் கழித்து ஹேவர்ட் வந்து, தனக்குத் தன் வாழ்க்கை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று செய்தியாளர்களிடம் சொல்லி உலகத்தின் வெறுப்பைச் சம்பாதித்தார். இருவரின் வருகையும் ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆனால் இந்த ஊருக்கு அப்பால், கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், அப்போதே ஏறக்குறைய ஆறாண்டுகளாக இன்னொரு கசிவு நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க எந்தத் தலைவரும் வரவில்லை. 2004 செப்டம்பரில் ஐவன் புயல் கிளப்பிய கடலடி மண்சரிவில் டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் மேடை சரிந்து, கிணறுகள் புதைந்தன. நாளுக்குச் சில காலன்தான் வருகிறது என்று அந்த நிறுவனம் ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. கணக்கு அதனுடையது என்பதால் ஊரும் அரசும் அதையே திரும்பச் சொல்லின. 2019இல் நோவாவும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து அளந்தபோது 380 காலன் முதல் 4,500 காலன் வரை என்று வந்தது. அதே ஆண்டு கடலோரக் காவல்படை வேறொரு நிறுவனத்தை அமர்த்தி, கசியும் இடத்தின் மேல் ஒரு சேகரிப்பானைப் பொருத்தியது. முதல் நாட்களிலிருந்தே அது நாளொன்றுக்கு 1,000 காலனுக்கு மேல் எண்ணெயைப் பிடித்தது.